அடித்தகட்டுக்குக் கீழே ஒரு பெயர்

பெர்ன், ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி
11 ஜூன் 1964

லீனாவுக்கு,

கால் மேலே தொங்குகிறது, நான் கீழே கிடக்கிறேன். கப்பியில் மணல் மூட்டை கட்டியிருக்கிறார்கள். தொடை எலும்பு நேராகும்வரை இப்படித்தானாம். பன்னிரண்டு வாரம் என்று டாக்டர் ரயில் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கால் கிடக்கட்டும், அதைப் பார்க்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என் துப்பாக்கியை யார் பார்ப்பது?

நீ சொல்லப்போவது தெரியும். "ஒயின் குடிச்சிருக்க, மொபெட்ட தள்ளிக்கிட்டு வா"ன்னு சொன்னேனே என்பாய். சொன்னாய். இரண்டு கிளாஸ் இல்லை, நான்கு. ஒப்புக்கொண்டாயிற்று, இனி அந்தப் பேச்சு வேண்டாம். வளைவில் சரளைக்கல் கிடந்தது. நான் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முதுகில் மாட்டியிருந்த துப்பாக்கியின் மரக்கட்டை முறிந்த சத்தம்தான் கேட்டது.

உன் தம்பி யாக்கோபு போன ஞாயிறு வந்தான். குழாய்க்கும் பூட்டுக்கும் ஒரு கீறல்கூட இல்லையாம், மரம்தான் கைப்பிடி மெலியும் இடத்தில் குறுக்கே பிளந்துவிட்டதாம். ஒட்டினாலும் நிற்காதாம். ஆகவே இந்தத் துப்பாக்கிக்கு வேறு கட்டை வேண்டும். நீதான் தேட வேண்டும். தூனில் இருக்கும் படை ஆயுதக் கிடங்கில் கேள். அங்கே இல்லையென்றால் ஷ்பீட்ஸில் துப்பாக்கிக்காரன் ஷ்டுக்கியிடம் கேள். அக்ரூட் மரமாக இருக்க வேண்டும். பீச் என்கிற அந்த வெளிறிய காட்டு மரம் வேண்டாம். போர் முடிந்தபிறகு வந்த பையன்களுக்குத்தான் பீச் கொடுத்தார்கள். ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், பார்க்கவும் சகிக்காது.

அக்டோபர் நான்காம் தேதி நம் சங்கத்தின் கடைசிச் சுடுபோட்டி. நான் போவேன். படுத்துக்கொண்டுதானே சுடுகிறோம், அதற்குக் கால் எதற்கு? நான் போகாவிட்டால் பக்கத்து வீட்டு ஏபி க்ரோஸன்தான் இந்த வருடமும் ராஜா. அவன் ஜெயித்தது ஏழு தடவை ஆகிவிடும், எனக்கு நான்கிலேயே நிற்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏபியிடம் மட்டும் இதைப் பற்றி வாய் திறக்காதே. அவன் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து நம் வேலி ஓரம் அவன் நின்று பேசுவது நீண்டுகொண்டே போகிறது. உன்னை அவன்தான் கட்டிக்கொள்வான் என்று ஒரு காலத்தில் ஹால்டன் முழுக்கப் பேசியது. நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

கில்கியான்


ஹால்டன்
17 ஜூன்

கில்கியானுக்கு,

உன் கடிதத்தில் துப்பாக்கி வராத பத்தி இல்லை. ஆறு பசுக்களில் ஒன்றுகூட வரவில்லை. நான் வருகிறேன், திட்டு வாங்க.

தூனுக்குப் போனேன். கிடங்கில் இருந்தவர் உன் துப்பாக்கியின் எண்ணைப் பெரிய புத்தகத்தில் தேடிப்பார்த்தார். "இது போன டிசம்பர்லயே ஓய்வு குடுத்து அனுப்பின துப்பாக்கிம்மா. இப்ப அது உங்க வீட்டு சாமான். இதுக்கும் படைக்கும் சம்பந்தமில்ல" என்றார். "என் வீட்டுக்காரரையும் அதே டிசம்பர்லதான் அனுப்புனீங்க. அவருக்காவது ஏதாவது மாத்துப் பாகம் இருக்கா?" என்று கேட்டேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கட்டை மட்டும் தரவில்லை.

ஷ்டுக்கியிடம் பீச் கட்டை நான்கு இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், புது ரொட்டிப் பலகை மாதிரி இருக்கிறது. சகிக்காது என்றெல்லாம் இல்லை. "அக்ரூட் கட்டைக்காரன் எவனும் உசுரோட விக்க மாட்டான். யாராவது செத்தா சொல்லி அனுப்புறேன்" என்றார். ஆகவே நீயும் அவரும் யார் சாவார் என்று காத்திருக்கலாம்.

ஏபி வேலி ஓரம் நிற்கிறான் என்கிறாய். வேலியில் பாதி அவனுடையது, அவன் எங்கே போய் நிற்பான்? மேல்புல்வெளியில் புல் என் இடுப்புவரை வந்துவிட்டது. யார் வெட்டுவது என்று நீ ஒரு வரி கேட்கவில்லை.

லீனா


பெர்ன்
23 ஜூன்

லீனாவுக்கு,

கேட்கிறேன். மேல்புல்வெளியை யார் வெட்டுகிறார்கள்?

யாக்கோபுக்கு முதுகுவலி, சரிவில் அவனால் அரிவாள் வீச முடியாது. பியேரிக்குச் சங்கத்துச் செயலாளர் வேலையைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. நான் இங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்க்கிறேன், எப்படி எண்ணினாலும் ஒரே ஆளிடம் வந்து நிற்கிறது. உனக்கு மோர் கொடுக்கத் தெரியும். எங்கே உட்கார வைத்துக் கொடுத்தாய் என்பதை மட்டும் எழுது.

இங்கே என்னை நன்றாகக் கவனிக்கிறார்கள். அகாத்தா சகோதரி என்று ஒருத்தி இருக்கிறாள், இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுக்கிறாள். "உங்களுக்குத் தோள் ரொம்ப அகலம், கட்டிலே பத்தல" என்று நேற்றுச் சொன்னாள். சும்மா எழுதினேன்.

பீச் பேச்சை எடுக்காதே. நான் படுக்கையில் கிடக்கிறேன், ஏபி நல்ல கட்டையோடு திரிகிறான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கில்கியான்


ஹால்டன்
4 ஜூலை

கில்கியானுக்கு,

அகாத்தா சகோதரி வெட்டிக் கொடுக்கிறாளாமே, மென்றும் கொடுக்கிறாளா? உன் தோள் அகலத்தைப் பற்றி அவளுக்கு என்ன கவலை? என் வயதா, சின்னவளா? சும்மா கேட்டேன்.

அக்ரூட் கட்டை கிடைத்துவிட்டது. அடர்ந்த பழுப்பு நிறம், நல்ல ரேகை, கீறல் அதிகம் இல்லை. யாக்கோபு வண்டியில் ஷ்பீட்ஸுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி வாங்கினோம். குழாய் கட்டையில் தொடும் இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் இழைக்க வேண்டியிருந்ததாம். இனி பதினைந்து தோட்டா சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்ய வேண்டும் என்று ஷ்டுக்கி சொன்னார். இப்போது அது உன் அலமாரியில் இருக்கிறது. நிம்மதியாகச் சாப்பிடு.

புல் வெட்டியாயிற்று. காய்ந்த புல் பரணில் இருக்கிறது. மழைக்கு முன்னால் ஏறிவிட்டது.

லீனா


பெர்ன்
7 ஜூலை

லீனாவுக்கு,

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கும் படித்துக் காட்டினேன். லீனா, நீ லட்சத்தில் ஒருத்தி. அகாத்தா சகோதரிக்கு அறுபத்திரண்டு வயது, மீசை இருக்கிறது. உன்னைச் சீண்டத்தான் எழுதினேன்.

யாருடைய கட்டை அது? செத்தது யார்? ஷ்பீட்ஸ் பக்கமா, ரைகன்பாகா? ஷ்டுக்கி சொல்லவில்லையென்றால் நீயே பார்த்துவிடலாம். கட்டையின் அடியில் இரும்புத்தகடு இருக்கிறதல்லவா, தோளில் பதியும் இடம். இரண்டு திருகு. கழற்றினால் மரத்தில் குழி, குழிக்குள் மடித்த சீட்டு. அதில் பெயர், படைப்பிரிவு, ஊர் எல்லாம் இருக்கும். ஆள் எங்காவது பனியில் செத்துக் கிடந்தால் யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. நாங்கள் எல்லோரும் வைத்திருக்கிறோம். துப்பாக்கி கைமாறினாலும் பழைய சீட்டை எவனும் எடுக்க மாட்டான், தன் சீட்டை அதன்மேல் வைப்பான். எடுப்பது கல்லறையில் இருக்கும் பெயரைச் சுரண்டுவது மாதிரி.

எவன் கன்னம் பட்ட இடத்தில் நான் கன்னம் வைக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். கழற்றிப் பார்த்து எழுது. பெரிய திருப்புளி மேசை இழுப்பறையில் இடது பக்கம்.

புல்லை வெட்டியது யார் என்று நீ எழுதவில்லை. நான் கவனித்தேன்.

கில்கியான்


ஹால்டன்
15 ஜூலை

கில்கியானுக்கு,

கழற்றினேன். சீட்டு ஒன்றும் இல்லை. குழி காலியாக இருக்கிறது.

சிவப்புப் பசு சினை பிடித்துவிட்டது. தோட்டத்தில் பட்டாணியை நத்தை தின்கிறது. உனக்குக் காய்ந்த பேரிக்காய் ஒரு பை அனுப்பியிருக்கிறேன், வயிறு இளகும், படுத்தே கிடக்கிறாய்.

லீனா


பெர்ன்
19 ஜூலை

லீனாவுக்கு,

காலியாக இருக்கிறதாம்.

முப்பது வருடம் துப்பாக்கியோடு திரிந்தவன் நான். சீட்டு இல்லாத அக்ரூட் கட்டையை நான் பார்த்ததே இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். ஷ்டுக்கி எடுக்க மாட்டார். செத்தவன் எழுந்து வந்து எடுக்க முடியாது. மிச்சம் யார் என்று நீயே சொல்.

நேற்று பியேரி வந்தான். சாக்லேட் கொண்டுவந்து பாதியை அவனே தின்றான். சங்கத்துச் செய்தி கேட்டேன். "ஏபி மூணு ஞாயிறா துப்பாக்கி இல்லாம வர்றான்பா. நான் புள்ளி எழுதறேன்னு சொல்லி உக்காந்துக்கறான். கேட்டா கண்ணு சரியில்லங்கறான்" என்றான். கண்ணா? எதிர்மலையில் மேயும் காட்டாட்டுக்குக் கொம்பு எத்தனை வளையம் என்று சொல்கிற கண் அது. அவன் துப்பாக்கியும் முப்பத்துநான்கில் வந்ததுதான், என்னுடையதோடு ஒரே நாளில் வாங்கியது, அக்ரூட். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பியேரி போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன், அதற்கப்புறம் தண்ணீர் ஜாடியைச் சுவரில் எறிந்தேன். அகாத்தா சகோதரி திட்டினாள்.

ஒருத்தன் தன் துப்பாக்கியைப் பிரித்துக் கட்டையைக் கொடுக்கிறான். பக்கத்து வீட்டுப் பாசத்துக்கு எவனும் அதைச் செய்ய மாட்டான். நான் உன் தம்பிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். நீ அதை வாங்குகிறாய், என்னிடம் மறைக்கிறாய், சீட்டையும் எடுத்து ஒளிக்கிறாய். முதலில் வேலியில் நின்றான். பிறகு என் புல்வெளியில் நின்றான். இப்போது என் அலமாரிக்குள் இருக்கிறான். அடுத்து எங்கே, லீனா?

எனக்கு வயிறு எரிகிறது. பொய் சொல்லவில்லை, எரிகிறது. அவன் என்னைவிட நன்றாகச் சுடுகிறான், அதைத் தாங்கிக்கொண்டேன். நான் இங்கே மாட்டிக்கொண்டிருக்க அங்கே நீ அவனோடு சிரித்துப் பேசுவாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கில்கியான்


ஹால்டன்
27 ஜூலை

கில்கியானுக்கு,

காலுக்குப் பதில் உன் கை உடைந்திருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்காது. "அடுத்து எங்கே" என்று எழுதியிருக்கிறாய். அதை அடுப்பில் போடப் போனேன். பிறகு, உனக்கே ஒருநாள் படித்துக் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், ஒன்றும் விடாமல்.

புல்லை வெட்டியது ஏபிதான். வேறு யார் வெட்டுவார்கள், தேவதூதர்களா? ஜூன் இருபத்தைந்தாம் தேதி காலை நாலரை மணிக்கே வந்து தானாக வெட்ட ஆரம்பித்திருந்தான். மூன்று நாள் வெட்டினான். மோரைக் கிணற்றடியில் நின்றுகொண்டே குடித்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எங்கே உட்கார வைத்தாய் என்று கேட்டாயே, அதற்காக எழுதுகிறேன்.

கட்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. யாக்கோபு உளறியிருக்கிறான். மூன்றாம் நாள் ஏபி அரிவாளோடு ஒரு சாக்கையும் கொண்டுவந்தான். அதற்குள் கட்டை. "கில்கியான் கட்டில்ல கெடக்கும்போது நான் ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா? நாலாந்தேதி அவன் வந்து சுடட்டும். நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றான். "அவர் வாங்க மாட்டாரே" என்றேன். "யாருதுன்னு சொல்லாத" என்றான். அவ்வளவுதான். நீ அக்டோபரில் சுட வேண்டும் என்று உயிரை விடுகிறாய், வேறு அக்ரூட் எங்குமில்லை. வாங்கிக்கொண்டேன். உன்னிடம் மறைத்தது தப்பு. ஆனால் உனக்காகத்தான் மறைத்தேன்.

அப்புறம் நீ எழுதினாய், தகட்டைக் கழற்று, பெயரைப் பார் என்று. எனக்குத் தெரிந்த பெயர்தானே, ஏபியின் சீட்டை எடுத்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் கழற்றினேன். சமையலறை மேசையில் வைத்து, பெரிய திருப்புளியால்.

அவன் பெயர் இருந்தது. படைப்பிரிவு, ஊர், 1939 செப்டம்பர் மூன்று என்று தேதி. அதன் கீழே, "எனக்கு ஏதாவது நேர்ந்தால் ஹால்டனில் லீனாவிடம் சொல்லவும்" என்று இருந்தது.

நமக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டரை வருடம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. நீ கழற்றச் சொல்லாமல் இருந்திருந்தால் சாகும்வரை தெரிந்திருக்காது, உனக்கும் தெரிந்திருக்காது. நீயாகத் தோண்டி எடுத்தாய். மறுநாள் காலை ஏபி அரிவாளைத் தீட்டுகிற சாக்கில் வேலிக்கு வந்தான். "அடித்தகட்ட கழட்டினியா?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவனும் மறந்துபோய்க் கொடுத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இதைப் படித்ததும் ஜாடியைத் தேடாதே.

இனி என் முறை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் உன் உடைந்த கட்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். இவன் என்னைக் கட்டிக்கொள்ளாதவன், இவன் சீட்டிலேயே நான் இருக்கிறேன் என்றால் கட்டிக்கொண்டவன் சீட்டில் என்னவெல்லாம் எழுதியிருப்பான் என்று பார்க்க ஆசை. திருகு துருப்பிடித்துப்போய் இருந்தது, மண்ணெண்ணெய் விட்டுக் கழற்றினேன். உன் பெயர். படைப்பிரிவு. 1934. "அம்மா சுசன்னா ட்ரும்மரிடம் சொல்லவும்." அதன்மேல் வேறு சீட்டு இல்லை.

உன் அம்மா செத்தது முப்பத்தாறில். போர் வந்தது முப்பத்தொன்பதில். ஆறு வருடம் எல்லையில் போய்ப் போய் நின்றாய், நான் இங்கே தபால்காரர் சைக்கிள் மணியைக் கேட்டால் பால் கறப்பதைப் பாதியில் விட்டு வாசலுக்கு ஓடினேன். நீ அங்கே செத்திருந்தால் செய்தி கல்லறைக்குப் போயிருக்கும்.

தூனில் உன் அண்ணனோடு இருந்த உன் அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. எல்லாப் பெண்களும் மாமியாரோடு சண்டை போட்டார்கள், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இப்போது, நாற்பத்தொன்பது வயதில், பேரிக்காய் காயவைத்துக்கொண்டு, செத்து இருபத்தெட்டு வருடமான ஒரு பெண்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அந்தத் துப்பாக்கிமேலும். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதை எண்ணெய் போட்டுத் துடைத்தாயே, ஒரு தடவையாவது இரண்டு திருகைக் கழற்ற உனக்குத் தோன்றவில்லையா?

லீனா


ஹால்டன்
14 ஆகஸ்ட்

கில்கியானுக்கு,

பதினெட்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி விடுவார்களாம். யாக்கோபு வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு வருவான். எங்கே இறக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிடு. தூனில் உன் அண்ணன் வீட்டிலும் கட்டில் இருக்கிறது.

லீனா


பெர்ன்
24 ஆகஸ்ட்

லீனாவுக்கு,

தூன் என்று எழுதியதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவது முழுக்க ஏபியைத் திட்டி. அதில் நன்றாகத் திட்டியிருந்தேன், ஆனால் அனுப்பினால் நீ சிரிப்பாய். ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான், அவனை எதற்காகத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. பொறாமை மட்டும் குறையவில்லை. முன்னே அவன் உன்னைப் பார்ப்பான் என்று பொறாமைப்பட்டேன். இப்போது அவன் எழுதினான், நான் எழுதவில்லை என்று பொறாமைப்படுகிறேன். இது இன்னும் மோசமாக இருக்கிறது.

இரண்டாவது கடிதம் உன் கேள்விக்குப் பதில். ஒரு வாரம் யோசித்து நல்ல காரணம் ஒன்று பிடித்தேன். சீட்டில் உன் பெயர் இருந்தால் யாரோ ஒரு கார்ப்பரல் திடீரென்று வந்து கதவைத் தட்டுவான், நீ தனியாக இருக்கும்போது. அம்மா பெயர் இருந்தால் தேடுவார்கள், பாதிரியாரிடம் போவார்கள், அவர் மெதுவாக வந்து உன் கையைப் பிடித்துச் சொல்லுவார். அதற்காகத்தான் மாற்றவில்லை என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன், எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரும் பிரமாதம் என்றார்.

அத்தனையும் பொய், லீனா. மறந்துவிட்டேன். முப்பத்தொன்பதில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சீட்டு மாற்றியது நினைவு இருக்கிறது, ஏபி எனக்கு மூன்றாம் ஆளாக உட்கார்ந்திருந்தான். எனக்குத் திருகு இறுகியிருந்தது, இருக்கட்டும் பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்போது உன்னை நினைக்கவில்லை. மதியச் சாப்பாட்டை நினைத்திருப்பேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கட்டையை ஏபியிடம் திருப்பிக் கொடுத்துவிடு. சீட்டை அது இருந்த இடத்தில் வைத்து, திருகைப் போட்டு, திறக்கவே இல்லை என்று சொல். அவன் சுடட்டும். ஜெயிப்பான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும், வரட்டும். எனக்கு ஷ்டுக்கியிடமிருந்து பீச் கட்டை வாங்கி வை. இரண்டாம் வெட்டுப் புல்லுக்கு மட்டும் அவனைக் கூப்பிடாதே. இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஊரே ஏபி என்று சொன்னபோது நீ என்னை ஏன் கட்டிக்கொண்டாய்? இருபத்தேழு வருடமாகக் கேட்கப் பயம். இப்போது படுத்தே கிடக்கிறேன், இதற்குமேல் விழ முடியாது. தூனா, ஹால்டனா என்று நீதான் யாக்கோபிடம் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டால் நான் ஹால்டன் என்றுதான் சொல்லுவேன், நொண்டிக்கொண்டே நடந்தாவது வருவேன்.

கில்கியான்


ஹால்டன்
12 செப்டம்பர்

கில்கியானுக்கு,

அந்த நல்ல காரணத்தை மட்டும் நீ அனுப்பியிருந்தால் உன்னைத் தூனுக்கு அனுப்பியிருப்பேன். உனக்கு அவ்வளவு யோசனையெல்லாம் வராது என்று எனக்குத் தெரியாதா? மறந்துவிட்டேன் என்று படித்தபோது கோபம் வந்தது. ஆனால் அது என் புருஷன் எழுதியது என்று தெரிந்தது. இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன், மூன்றாம் நாள் அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.

கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ சொன்ன பொய்யைச் சொல்ல முடியவில்லை. "திறந்து பாத்தேன் ஏபி" என்றேன். பால் பாத்திரத்தைக் கீழே வைத்தான். "கில்கியானுக்குத் தெரியுமா?" என்றான். "தெரியும். அவர்தான் திருப்பிக் குடுக்கச் சொன்னார்." சீட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பால் பாத்திரத்தை மறுபடி கையில் எடுத்தான். பிறகு, "அவனுக்கு நடக்க வருதா?" என்று கேட்டான். "வருது" என்றேன். "சரி" என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு. வாசலுக்கு வந்து எனக்கு வழிவிட்டான். புல்லுக்கு நான் கூப்பிடவில்லை. யாக்கோபும் அவன் மச்சினனும் முனகிக்கொண்டே வெட்டினார்கள்.

பீச் கட்டை பொருத்தியாயிற்று. நிறம் வெளிறித்தான் இருக்கிறது. உன் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும்.

ஏன் கட்டிக்கொண்டேன் என்று கேட்டிருக்கிறாய். ஏபி நல்லவன். உன்னைவிட நல்லவன், இதைப் படித்துவிட்டுக் கட்டிலை உடைக்காதே. நம் கல்யாணத்துக்கு முந்தின கோடையில் நான்கு ஞாயிறு மாதா கோயிலிலிருந்து வீடுவரை என்னோடு நடந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாவது ஞாயிறு நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன், அப்போதும் சொல்லவில்லை. நீ மாட்டுச் சந்தையில், கையில் கன்றுக்குட்டிக் கயிறோடு, என் அப்பா முன்னால் கேட்டாய். மாட்டேன் என்றேன். அடுத்த சந்தையில் மறுபடி கேட்டாய். மூன்றாவது தடவை, "அந்த ஏபியப் பாக்கற மாதிரி என்னப் பாரேன்" என்று எல்லோர் முன்னாலும் அழுதாய். "இவனுக்கு வெக்கமே இல்ல" என்றார் அப்பா. எனக்கு அதுதான் பிடித்தது. உன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் ஒரு திருகையும் கழற்ற வேண்டியதில்லை.

ஆனாலும் கில்கியான், அந்தச் சீட்டைப் பார்த்தபோது, யாரோ என்னை இத்தனை வருடம் நினைத்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ இதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் பொறாமைப்பட்டுக்கொள்.

யாக்கோபு வரவில்லை. பத்தொன்பதாம் தேதி காலை ரயிலில் நானே வருகிறேன். உன் கறுப்புக் கோட்டைக் கொண்டுவருகிறேன். திரும்பும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள், காலை நீட்டிக்கொள், ரயில் கிளம்பியதும் கத்த ஆரம்பி. ஏபி, கட்டை, பீச், நான், எல்லாவற்றையும் கத்து. ஊர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

லீனா